முதல் பத்து மீட்டர்: ஸ்கூபா டைவிங் கேள்வி–பதில்

விடுமுறையில் அந்தமான், புதுச்சேரி, தூத்துக்குடிப் பக்கம் போய் முதன்முறையாகக் கடலடியைப் பார்த்து வந்தவர்களும், பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டுப் பயந்துகொண்டிருப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. பாதிக் கேள்விகளுக்கு ஒரே கணக்குதான் விடை என்பதால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கரையில் நிற்கும்போது நம்மேல் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். கடலில் இறங்கும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு பார் கூடும். 10 மீட்டரில் 2, 20-ல் 3, 30-ல் 4. (மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுக்கும் ‘பார்’ என்றுதான் பெயர். இது வேறு, அது வேறு.)

ஆளுயரம் இறங்கியதுமே காதில் சுருக்கென்று வலித்தது. பயிற்சியாளர் 12 மீட்டர் வரை போகலாம் என்றார். இரண்டு மீட்டருக்கே இப்படியென்றால் பன்னிரண்டில் என் காது என்னாகும்?
– ஈரோடு வாசகி

முதல் சில மீட்டரைச் சரியாகத் தாண்டிவிட்டால் அதற்குக் கீழே காது இவ்வளவு படுத்தாது. கரையிலிருந்து 10 மீட்டர் போவதற்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடுகிறது. பத்திலிருந்து இருபதுக்குப் போகும்போது ஒன்றரை மடங்குதான் ஆகிறது. காதுக்குள் அடைபட்ட காற்று மிக வேகமாகச் சுருங்குவது மேலே உள்ள தண்ணீரில்தான்.

செவிப்பறைக்குப் பின்னால் நடுக்காது என்றொரு சிறு காற்றறை இருக்கிறது. அதை மூக்கின் பின்பக்கத்தோடு இணைப்பது ஒரு மெல்லிய குழல். சாதாரணமாக மூடியிருக்கும், விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறக்கும். அதைத் திறக்காமல் இரண்டு மீட்டர் இறங்கினால், வெளியே தண்ணீரின் அழுத்தம் 0.2 பார் கூடியிருக்கும், உள்ளே பழைய அழுத்தமே இருக்கும். செவிப்பறை நம் சுண்டுவிரல் நகமளவு. அந்த நகமளவுத் தோலின்மேல் சுமார் 120 கிராம் எடையை வைத்து அழுத்தினால் எப்படியிருக்கும்? உங்களுக்கு வலித்தது அதுதான்.

ஒன்று, ஒன்றரை மீட்டர் சமன் செய்யாமல் போய்விட்டால் இன்னொரு சிக்கலும் சேரும். வெளியழுத்தம் அந்தக் குழலின் வாயை நசுக்கி ஒட்டவைத்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை முயன்றாலும் திறக்காது. ‘வலித்தபின் ஊதலாம்’ என்று காத்திருப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. தலை தண்ணீருக்கு வெளியே இருக்கும்போதே ஒருமுறை மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊதுங்கள். காதில் ‘ப்ளக்’ என்று கேட்க வேண்டும். இறங்கத் தொடங்கியதும் அரை மீட்டருக்கு ஒருமுறை, வலிக்கிறதோ இல்லையோ, அதையே செய்யுங்கள். தலைகீழாக இறங்காமல் கால் கீழே இருக்கும்படி, முடிந்தால் நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி இறங்குவது சுலபம். அடைத்துக்கொண்டால் ஒரு மீட்டர் ஏறி, மறுபடி முயலுங்கள். பலம்கொண்ட மட்டும் ஊதாதீர்கள். உள்காதின் மெல்லிய சவ்வு கிழிந்தால் கேட்கும் திறனே போகலாம்.

சளி பிடித்திருந்தால் அன்று கடல் வேண்டாம். மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இறங்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் இறங்கிவிட்டால், நடுக்காதில் சேர்ந்த காற்று மேலே வரும்போது வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்து செவிப்பறையைத் தள்ளும். இறங்கும்போது அடைத்தால் திரும்பி ஏறலாம். ஏறும்போது அடைத்தால் என்ன செய்வீர்கள்?

காதில் பஞ்சு, அடைப்பான் எதுவும் கூடாது.

எங்கள் பக்கத்தில் முத்துக்குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இறங்கினார்கள், ஏறினார்கள். ஸ்கூபாவில் மட்டும் ‘மூச்சை அடக்காதே, அடக்காதே’ என்கிறார்களே?
– தூத்துக்குடி வாசகர்

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி. அவர்கள் உள்ளே கொண்டுபோனது கரையில் இழுத்த காற்று. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் உயிர் போகிற வித்தியாசம்.

கயிற்றில் கட்டிய கல்லோடு இறங்கும் ஒரு முத்துக்குளிப்பவர் மேலே 6 லிட்டர் காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் அது 3 லிட்டராகச் சுருங்கும், 20-ல் 2 லிட்டர். திரும்பி ஏறும்போது 3 ஆகி, 6 ஆகி, புறப்பட்ட அளவுக்கே வந்து நிற்கும். அதற்குமேல் விரிய அதில் எதுவும் இல்லை.

ஸ்கூபாவில் சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர், நீங்கள் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைத் தருகிறது. 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த 6 லிட்டர், கரைக் கணக்கில் 12 லிட்டர். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் 6 லிட்டர் பைக்குள் 12 லிட்டர் இடம் கேட்கும். இதுவே 30 மீட்டரிலிருந்து 20-க்கு ஏறினால் 6 லிட்டர் 8 ஆகும். 20-லிருந்து 10-க்கு ஏறினால் 9 ஆகும். ஒரே பத்து மீட்டர்தான், ஆனால் கடைசிப் பத்து மீட்டர்தான் ஆளைக் கொல்லக்கூடியது. ‘மேலே வந்தாயிற்று, இனி என்ன’ என்று மனம் தளரும் இடமும் அதுவே.

நெஞ்சு நிறையக் காற்றோடு மூச்சை அடக்கி 1.2 மீட்டர் ஏறினாலே நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் கிழிய வாய்ப்பு உண்டு. அதாவது நீச்சல்குளத்திலேயே ஆபத்து இருக்கிறது. கிழிந்த இடத்தில் காற்று ரத்தத்துக்குள் புகுந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் போல் ஆளைச் சாய்க்கும். நெஞ்சறைக்குள் கசிந்தால் நுரையீரல் சுருங்கிவிடும்.

பயிற்சியில் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கச் சொல்லும்போதெல்லாம் உதடுகளைக் குவித்துச் சிறு குமிழிகளை விட்டுக்கொண்டே இருக்கச் சொல்வது இதற்காகத்தான். காற்று தீர்ந்து அவசரமாக ஏற நேர்ந்தால் ‘ஆ…’ என்று ஒலி எழுப்பியபடி ஏற வேண்டும். ஒலி வந்துகொண்டிருந்தால் தொண்டை திறந்திருக்கிறது என்று பொருள். ‘வெளியே விட்டுக்கொண்டே வந்தால் நடுவில் காற்று தீர்ந்துவிடாதா?’ என்று பயப்பட வேண்டாம். ஏற ஏற உள்ளே இருப்பதே விரிந்து பெருகிக்கொண்டிருக்கும்.

படகில் கம்ப்ரசர் வைத்து, குழாய் வழியே காற்று வாங்கிச் சங்கு எடுப்பவர்களுக்கும் ஸ்கூபாவின் விதிதான், பழைய முத்துக்குளிப்பின் விதி அல்ல. அவர்களும் அழுத்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். கூடுதலாக ஒன்று: கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வாய், எஞ்சின் புகைபோக்கியை விட்டு விலகி, காற்று வரும் திசையில் இருக்க வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மேலே தலைவலியோடு போகும் அளவு, ஆழத்தில் மயக்கம் வரை கொண்டுபோகும்.

முதுகில் இருப்பது ஆக்சிஜன் சிலிண்டர்தானே?
– சேலம் வாசகர்

இல்லை. செய்தித்தாள்கள் அப்படித்தான் எழுதுகின்றன. உள்ளே இருப்பது வடிகட்டி, ஈரம் நீக்கி, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று: 21 சதவீதம் ஆக்சிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். சுத்த ஆக்சிஜனோடு 6 மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. வாயில் ரெகுலேட்டருடன் வலிப்பு வந்தால் அடுத்து மூழ்குவதுதான்.

எட்டாம் வகுப்புப் படிக்கிறேன். இவ்வளவு செலவு எதற்கு? ஒரு நீளமான பைப்பை வாயில் வைத்துக்கொண்டு மறுமுனையை மிதவையில் கட்டிவிட்டால் போதாதா?
– விருதுநகர் மாணவர்

போதாது. உன் நெஞ்சுக்கூட்டின் முன்பக்கத்தை 30 செ.மீ.க்கு 30 செ.மீ. சதுரமாக எடுத்துக்கொள், 900 சதுர செ.மீ. வருகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் தண்ணீர் கூடுதலாக 100 கிராம் அழுத்தும். மொத்தம் 90 கிலோ. பைப் வழியே வரும் காற்றோ கரையின் அழுத்தத்தில்தான் இருக்கிறது; அது உனக்குத் துணைக்கு வராது. ஒவ்வொரு முறை மூச்சு இழுக்கும்போதும் 90 கிலோ ஆளை நெஞ்சால் தூக்க வேண்டும். ஒரு தடவை தூக்கலாம். நிமிடத்துக்குப் பதினைந்து தடவை? ஸ்நார்க்கல் குழாய் ஒன்றேகால் அடிக்குமேல் நீளாமல் இருப்பது அதனால்தான்.

இன்னொன்று: நீளக் குழாயில் நீ வெளியே விட்ட மூச்சு முழுசாக வெளியேறாது. குழாயிலேயே தங்கி, அடுத்த இழுப்பில் உனக்கே திரும்பி வரும்.

ரெகுலேட்டர் தீர்ப்பது இந்தச் சிக்கலைத்தான். அது இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. சிலிண்டரின் வாயில் மாட்டிய முதல் கட்டம், 200 பார் காற்றைச் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்தைவிட 10 பார் அளவுக்கே கூடுதலாக இருக்கும்படி குறைக்கும். வாயில் கடித்திருக்கும் இரண்டாம் கட்டத்தில் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உன் வாய். நீ இழுத்ததும் சவ்வு உள்ளே குழிந்து ஒரு நெம்புகோலை அழுத்தும், வால்வு திறக்கும், கடல் எவ்வளவு அழுத்துகிறதோ அதே அழுத்தத்தில் காற்று வரும். 1943-ல் பிரான்சில் கடலாய்வாளர் குஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் உருவாக்கிய கருவியின் அடிப்படை இது; இன்றும் அதேதான்.

ஒரு சிலிண்டர் எத்தனை நிமிடம் வரும்? கேட்டால் ‘ஆளைப் பொறுத்தது’ என்கிறார்கள்.
– கோவை வாசகர்

ஆளையும் ஆழத்தையும் பொறுத்தது. வழக்கமான அலுமினியச் சிலிண்டரின் உள் கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பார் நிரப்பினால் 2,220 லிட்டர் காற்று. கடைசி 50 பார் அவசரத்துக்கு. அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. மிச்சம் 150 பார், அதாவது 1,665 லிட்டர். நிதானமானவர் ஒருவர் மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பார் என்றால் 83 நிமிடம் வரும். அதே ஆள் 10 மீட்டரில் நிமிடத்துக்கு 40 லிட்டர் செலவழிப்பார், 41 நிமிடம். 20 மீட்டரில் 27, 30-ல் 20. பெரிய வெட்டு எங்கே விழுகிறது பார்த்தீர்களா? முதல் பத்து மீட்டரிலேயே பாதி நேரம் போய்விட்டது. பதற்றத்தில் 30 லிட்டர் இழுக்கும் புதியவருக்கு இதில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும்.

மிச்சம் பிடிக்கிறேன் என்று மூச்சை நிறுத்தி நிறுத்தி விடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தலைவலி வரும். மேலே முத்துக்குளிப்புக் கேள்விக்குச் சொன்ன ஆபத்தும் கூடவே வரும். கையை வீசி நீந்துவதை விட்டாலே செலவு குறையும்.

கடைக்குள் 200 பார் காட்டிய அழுத்தமானி, தண்ணீரில் இறங்கியதும் 186 காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். நிரப்பும்போது சூடேறி 50 டிகிரியில் இருந்த காற்று, 28 டிகிரி கடலில் ஆறியதால் வந்த இறக்கம் அது. டிகிரிக்கு 0.6 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீச்சல்குளப் பயிற்சியில் அமிழ்வதற்கு இடுப்பில் 4 கிலோ ஈயம் கட்டினால் போதுமாக இருந்தது. கடலில் அதே 4 கிலோவோடு இறங்கவே முடியவில்லை. கூட 4 கிலோ கட்டினார்கள். கல்லாகப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். எது சரி?
– புதுச்சேரி வாசகர்

இரண்டும் இல்லை. கடல்நீர், நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கனம். நீங்களும் உங்கள் கருவிகளும் சேர்ந்து 90 கிலோ என்றால், உப்புத் தண்ணீருக்காக மட்டும் இரண்டேகால் கிலோ கூட வேண்டும். குளத்தில் டீ-ஷர்ட்டோடு பயிற்சி எடுத்துவிட்டுக் கடலில் வெட் சூட் என்ற ரப்பர் உடை போட்டிருந்தால் அதற்கும் சேர்க்க வேண்டும். அந்த ரப்பர் முழுக்கக் காற்றுக்குமிழிகள்தான்.

அதிக எடை ஏன் கூடாது? தேவைக்குமேல் 4 கிலோ கட்டினால் அதைத் தூக்க, மிதப்பதற்காகக் காற்றடைக்கும் டைவிங் ஜாக்கெட்டில் 4 லிட்டர் காற்றை அடைத்துவைக்க வேண்டும். 10 மீட்டரில் அடைத்த அந்த 4 லிட்டர், நீங்கள் 5 மீட்டருக்கு ஏறியதும் 5.3 லிட்டராகும். கேட்காமலேயே 1.3 கிலோ மிதப்பு கூடிவிட்டது. அது உங்களை இன்னும் மேலே இழுக்கும், காற்று இன்னும் விரியும், இன்னும் வேகமாக இழுக்கும். மேற்பரப்புக்குப் பிய்த்துக்கொண்டு போகிறவர்களில் பலர் எடை குறைந்தவர்கள் அல்ல, எடை கூடியவர்கள்தான். கேட்கப் புதிராக இருக்கும். கணக்கு அதைத்தான் சொல்கிறது.

சரியான எடையைக் கண்டுபிடிக்க: எல்லாக் கருவியும் மாட்டி, கால் தரையில் எட்டாத இடத்தில் நிமிர்ந்து மிதக்கவும். ஜாக்கெட்டின் காற்றை முழுதும் வெளியேற்றவும். கால் ஆட்டாமல் சாதாரணமாக மூச்சு இழுத்து ஒரு நொடி நிற்கவும். தண்ணீர்மட்டம் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். தலை வெளியே நின்றால் ஒரு கிலோ கூட்டுங்கள், சட்டென்று அமிழ்ந்தால் குறையுங்கள். (ஒரு நொடி மூச்சைப் பிடிப்பது மேற்பரப்பில் மட்டும்.) சிலிண்டர் நிறைந்திருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்தால், வந்த விடையோடு 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றுக்கும் எடை உண்டு. 2,220 லிட்டர் காற்று இரண்டரைக் கிலோவுக்குமேல் நிற்கும். டைவ் முடிவதற்குள் அதில் முக்கால்வாசியைச் சுவாசித்து வெளியே விட்டிருப்பீர்கள். தொடக்கத்தில் சரியாக அமிழ்ந்தவர், முடிவில் 5 மீட்டரில் நிற்க முடியாமல் தக்கையாக மிதப்பது இதனால்தான்.

எடை சரியானபின் நுண்ணிய ஏற்றஇறக்கத்துக்கு ஜாக்கெட்டில் காற்றை ஏற்றி இறக்கும் பொத்தானைத் தொட வேண்டியதில்லை, நுரையீரலே போதும். 1 லிட்டர் கூடுதலாக இழுத்தால் ஒரு கிலோ மிதப்பு. ஆனால் இழுத்த உடனே உடம்பு ஏறாது. ஓரிரு நொடி கழித்தே நகரும். அந்த நொடிகளுக்குள் பொறுமையிழந்து பொத்தானை அமுக்குவதால்தான் புதியவர்கள் யோ-யோ மாதிரி ஏறி இறங்குகிறார்கள்.

காலையில் தூத்துக்குடியில் டைவ் முடித்துவிட்டு, இரவுக்குள் காரில் கொடைக்கானல் போகத் திட்டம். நண்பர் தடுக்கிறார். டைவ் முடிந்ததும் விமானம் ஏறத்தானே தடை?
– மதுரை வாசகர்

நண்பருக்குக் காபி வாங்கிக் கொடுங்கள். விமானத்துக்குள் அழுத்தம் குறைகிறது என்பதுதான் தடைக்குக் காரணம். விமானத்தின் உள்ளே பராமரிக்கப்படுவது அதிகபட்சம் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தம். கொடைக்கானல் 2,100 மீட்டர். பெரிய வித்தியாசமில்லை. இந்த ஒரு விஷயத்தில் முதல் பத்து மீட்டர் முக்கியமில்லை, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதுதான் முக்கியம்.

அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் உடம்பில் ஊறுகிறது. சமையலறையில் பாசிப்பருப்பையும் கொண்டைக்கடலையையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் போட்டால் பாசிப்பருப்பு அரைமணியில் ஊறும், கொண்டைக்கடலைக்கு ராத்திரி முழுக்க வேண்டும். ரத்தமும் மூளையும் பாசிப்பருப்பு. கொழுப்பும் மூட்டுகளும் கொண்டைக்கடலை. ஊறியது வெளியேறுவதும் அதே தாமதத்தில்தான். 1908-ல் உடலியல் அறிஞர் ஹால்டேன் டைவர்களுக்காக வகுத்த முதல் அட்டவணையே உடம்பை இப்படி ஐந்து வேகங்களாகப் பிரித்துத்தான் போடப்பட்டது. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட நீங்கள் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் உள்ளே ஓட்டுவதும் அந்தக் கணக்கின் பேரப்பிள்ளைதான்.

வெளியேற நேரம் தராமல் அழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால், ஊறிய நைட்ரஜன் திசுக்களிலும் ரத்தத்திலும் குமிழியாகப் பிரியும். இதைத் தடுக்கத்தான் ஆழத்துக்கு நேர வரம்பு. பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி முதல் டைவுக்கு 12 மீட்டரில் 147 நிமிடம், 18-ல் 56, 30-ல் 20. ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டர், அதாவது இரண்டு நொடிக்கு ஓர் அடி. பிறகு 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும்.

வரம்புக்குள் ஒரே ஒரு டைவ் என்றால் விமானத்துக்கும் மலைக்கும் 12 மணி நேரம் கழித்து. ஒரே நாளில் இரண்டு டைவ், அல்லது பல நாள் தொடர்ந்து டைவ் என்றால் 18 மணி நேரம். கடைசி நாளைக் கரையில் கழியுங்கள்.

டைவ் முடிந்த சில மணி நேரத்தில் தோள் அல்லது முழங்கை மூட்டில் இனம் தெரியாத வலி, மரமரப்பு, தோலில் திட்டுத் திட்டாகச் சிவப்பு, காரணமில்லாத அசதி, காலில் பலமின்மை, இவற்றில் ஏதேனும் தெரிந்தால் ‘சிலிண்டர் தூக்கிய வலி’ என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடாதீர்கள். படுக்கவைத்து, முகமூடி வழியே சுத்த ஆக்சிஜன் கொடுத்தபடி, அழுத்த அறைச் சிகிச்சை உள்ள மருத்துவமனையைக் கேட்டு அழைத்துப் போக வேண்டும். ஆக்சிஜன் கொடுத்ததும் வலி போய்விட்டாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

நீச்சல் கண்ணாடியே போதாதா? மூக்கையும் மூடும் மாஸ்க் எதற்கு?
– நாகர்கோவில் வாசகி

கண்ணாடிக்குள் அடைபட்ட காற்றும் சுருங்கும். மாஸ்க்குக்குள் மூக்கு இருந்தால் மூக்கால் கொஞ்சம் காற்றை ஊதிச் சமன் செய்யலாம். நீச்சல் கண்ணாடியில் அதற்கு வழியில்லை. அது கண்ணை உறிஞ்சி, வெள்ளைவிழியில் ரத்தம் கட்டவைத்துவிடும்.

கீழே பார்த்த மீன் இவ்வளவு பெரிசு என்று கையை விரித்துக் காட்டினேன், எல்லோரும் சிரித்தார்கள். என் சிவப்பு ஃபின்ஸும் அங்கே பழுப்பாகத் தெரிந்தது. கண்ணில் கோளாறா?
– தஞ்சாவூர் வாசகர்

கண்ணில் இல்லை. தண்ணீரிலிருந்து மாஸ்க்குக்குள் நுழையும்போது ஒளி வளைவதால், பொருள்கள் நான்கில் மூன்று பங்கு தூரத்தில், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கையை விரித்துக் காட்டும்போது கால் பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். நிறங்களில் சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் விழுங்கும். ஐந்தாறு மீட்டரிலேயே மங்கத் தொடங்கிவிடும். 20 மீட்டரில் விரலை வெட்டிக்கொண்டால் ரத்தம் பச்சையாகத் தெரியும். டார்ச் அடித்தால் உடனே சிவக்கும், அந்த ஒளி பயணம் செய்வது ஓரிரு மீட்டர்தானே.

தலைக்கு மேலே படகு வரும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் என்று தெரியவே இல்லை.
– ராமநாதபுரம் வாசகர்

காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி, கடலில் 1,500 மீட்டர் போகிறது. இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசை கண்டுபிடிக்கிறது. தண்ணீரில் அந்த வித்தியாசம் நாலில் ஒன்றுக்கும் கீழே போய்விடுவதால் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வருவது போலிருக்கும். எஞ்சின் சத்தம் வலுத்தால் ஏறுவதை நிறுத்தி, 5 மீட்டரில் காத்திருங்கள். அது தேய்ந்தபின், தலையை நிமிர்த்தி, ஒரு கையை மேலே நீட்டி, ஒரு முழுச்சுற்று சுற்றிப் பார்த்தபடி மெல்ல ஏறுங்கள். மூச்சு விட்டுக்கொண்டே.